அயல் நாடுகளின் ஆட்டமும் அட்டவணையும்

அயல் நாட்டு அணிகள் நான்கைந்து கூடி ஆடுகிற ஒரு சிறிய உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு அட்டவணை எழுதுவது, பற்பல நாடுகள் ஆடும் உலகக் கிண்ணத்துக்கு அட்டவணை எழுதுவதைவிடச் சிரமமான காரியம் என்று நான் சொன்னால், இந்தத் துறையில் பழகாதவர்கள் அதை ஒரு கிழவனின் தற்பெருமை என்றே கொள்ளுவார்கள். உலகக் கிண்ணத்தில் பெரும்பாலும் ஒருவரையொருவர் சரியாக அறியாத நாடுகள் சந்திக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் அவரவர் திசையில் பிரிந்துபோய், பின்னர் பல ஆண்டுகள் முகம் பார்ப்பதில்லை. அயலவர் சங்கதி அப்படியன்று. எல்லையைப் பகிர்ந்துகொண்டவர்கள் பகையையும் உறவையும் சேர்த்தே பகிர்ந்துகொண்டிருப்பார்கள். ஒருவருடைய மைதானத்தின் மேடு பள்ளத்தை மற்றவர் அறிவார். சென்ற தடவை தமக்கு மட்டும் பிற்பகல் வெயிலில் ஆட்டம் ஒதுக்கப்பட்டதை மறவார். விருந்தளிக்கும் நாடு தனக்கு ஓர் ஓய்வு நாளைக் கூடுதலாக எடுத்துக்கொண்டதோ என்று அட்டவணை கைக்கு வந்த அக்கணமே விரல்விட்டு எண்ணுவார். ஆகவே, அயல் நாடுகளுக்கு அட்டவணை எழுதுபவன், தன் கையெழுத்தின் ஒவ்வொரு வரியையும் சந்தேகக் கண்ணோடு படிக்கப்போகிற வாசகர்களுக்காகவே எழுதுகிறான்.

நான் இந்த வேலைக்கு வந்தது, கொழும்பில் ஓர் உதைபந்தாட்ட லீக்கின் காரியாலயத்தில் லிகிதனாகச் சேர்ந்ததன் மூலமாகத்தான். அங்கே போட்டிச் செயலாளராக இருந்தவர் யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பழைய கலியாண அழைப்பிதழ்களைச் சதுரமாக வெட்டி, அவற்றின் வெற்றுப் பக்கத்தில் அணிகளின் பெயரை எழுதி மேசைமேல் வட்டமாகப் பரப்பி, ஓர் அணியை மாத்திரம் இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, ஏனையவற்றைக் கடிகாரமுள் சுற்றும் திசையில் ஒவ்வொரு படியாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த அணியும் எந்த அணியையும் இரண்டு முறை சந்திக்காமலும், எவரையும் சந்திக்காமல் விடாமலும் முழுச் சுற்றும் தானாகவே அமைந்துவிடும் என்பதை அவர் எனக்குக் காட்டினார். நான்கு அணிகளானால் ஆறு ஆட்டம், மூன்று சுற்று. ஐந்து அணிகளானால் பத்து ஆட்டம், ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணிக்கு ஓய்வு. எட்டு அணிகளானால் 28 ஆட்டம் ஆகிவிடும் என்பதால் அதை இரண்டு பிரிவாக வகுத்து, பிரிவாட்டம் பன்னிரண்டு, அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று என்று பதினைந்துக்குள் அடக்க வேண்டும். பள்ளிக்கூடப் பையனும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளக்கூடிய கணக்குத்தான் இது. ஆனால் கணக்கு முடிந்ததும் அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, முதல் நாளை ஆரும் எழுதலாம். நீர் கடைசி நாளை முதலிலை எழுதும்" என்று சொன்ன வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுங்காலம் பிடித்தது. இந்தத் தொழிலில் நான் கற்ற மற்றவை யாவும் அந்த ஒரு வாக்கியத்தின் வியாக்கியானமே என்று இப்பொழுது எனக்குத் தோன்றுகிறது.

அயல் நாடுகள் கூடி ஆடும் வழக்கம் மிகப் பழையது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கும் 1884இல் தொடங்கி ஏறக்குறைய நூறாண்டுகள், உலக யுத்த காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் தமக்குள் ஆடிவந்தன. உலகில் தேசிய அணிகளுக்கிடையே நடந்த சுற்றுப்போட்டிகளில் அதுவே முதலாவது. எங்கள் பக்கத்தில் 1952இல் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கும் கொழும்பிலே கூடி ஒரு கிண்ணத்துக்கு ஆடின; அம்முறை இந்தியாவும் பாகிஸ்தானும் கிண்ணத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அடுத்தடுத்த ஆண்டுகளில் இரங்கூன், கல்கத்தா, டாக்கா என்று நான்கு நாடுகளும் தலைக்கு ஒருமுறை விருந்தளித்ததன் பின் 1955உடன் அந்தப் போட்டி நின்றுபோயிற்று. பிறகு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1993இல், லாகூரில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நான்கு அணிகளோடு தொடங்கியதுதான் இன்றைக்குத் தெற்காசியக் கிண்ணமாக வளர்ந்திருக்கிறது.

பிரித்தானிய நாடுகளின் அந்தப் பழைய போட்டியில் 1981ஆம் ஆண்டுக்குச் சாம்பியன் இல்லை. அந்த ஆண்டு வட அயர்லாந்தில் சிறைக் கைதிகளின் உண்ணாவிரதத்தை ஒட்டிக் கலவரம் மூண்டிருந்தபடியால், இங்கிலாந்தும் வேல்ஸும் பெல்பாஸ்ட் நகருக்கு வர மறுத்துவிட, ஆட்டங்கள் நிறைவடையாமலே போட்டி கைவிடப்பட்டது. எழுதும்போது அந்த அட்டவணையில் எந்தப் பிழையும் இருந்திருக்காது. ஆயினும், அயலவர் போட்டியைத் திட்டமிடுபவன் யார் யாரோடு ஆடுவது என்ற கேள்விக்கு முன்பாக, யார் எங்கே போக மறுக்கக்கூடும் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் கிடையாது. இந்தக் கேள்வியை ஒரு கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்பது மரியாதையன்று. கேளாமல் எழுதுவது விவேகமன்று. நான் கையாண்ட முறை, ஒவ்வொரு நாட்டின் பிரதிநிதியோடும் தேநீர் வேளையில் தனியே பேசி, அவர் சொல்லாமல் விட்டதைக் குறித்துக்கொள்வது.

அடுத்தது நாள்காட்டி. வெறுமையான ஓர் ஆண்டு நாள்காட்டியை எடுத்து மேசைமேல் விரித்து, ஆகாத நாள்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போவதில்தான் இவ்வேலை தொடங்குகிறது. கொழும்பிலே மே தொடங்கிச் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று; அது ஓய்ந்ததும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் இடியுடன் மழை. டாக்காவில் ஜூன் பிறந்துவிட்டால் மைதானம் குளம்; காத்மாண்டுவில் மார்கழி மாலையின் குளிரில் தீவுகளிலிருந்து வந்த பையன்களுக்குக் கால் மரத்துப்போகும். ரமழான் நோன்பு, வெசாக், தசராப் பண்டிகை, பொதுப் பரீட்சைகள் இவற்றையும் அடிக்க வேண்டும். எங்கேனும் தேர்தல் வந்தால் காவலுக்குப் பொலிஸார் கிடைக்க மாட்டார்கள் என்பதால் அந்த வாரங்களையும் அடிக்க வேண்டும். இவ்வளவுக்கும் மேலாக, சர்வதேச ஆட்டங்களுக்கென்று பிபா ஒதுக்கிய நாள்களுக்கு வெளியே தேசிய அணிக்கு வீரர்களை அனுப்பும் கட்டாயம் கழகங்களுக்குக் கிடையாது. ஆதலால் அந்த நாள்களை விட்டு விலகினால், பெயருக்குத் தேசிய அணி வரும், பெயர் பெற்ற வீரர்கள் வர மாட்டார்கள். எல்லாவற்றையும் அடித்து முடித்த பிற்பாடு நாள்காட்டியில் எஞ்சுவது, அகலம் போதாத துணியில் சட்டை தைக்க வந்த தையற்காரனின் நிலைமைதான்.

மைதானத்தின் நிலைமையையும் நாள்காட்டியோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். இரவு வெளிச்சமும் நல்ல புல்லும் உள்ள மைதானம் எங்கள் பிராந்தியத்து நகரங்களிற் பலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் அதன்மேல் நடந்தால், மழையில்லாத காலத்தில் மறுநாள் ஓய்வு கொடுத்துத் தேற்றிவிடலாம். மழையோடு நடந்தால் கோலுக்கு முன்னால் உள்ள நிலம் உழுத வயலாகிவிடும். பிறகு இறுதிப் போட்டியில் எவ்வளவு சாமர்த்தியசாலி வந்தாலும் பந்து அவன் சொற்கேளாது. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே இரண்டு நாள் ஓய்வு எல்லோருக்கும் வேண்டும். அதைவிட முக்கியமானது, அந்த ஓய்வு எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நாள், மற்றவருக்கு ஒரு நாள் என்று அமைந்துவிட்டால், தோற்ற அணியின் முகாமையாளர் மறுநாட் காலையிலேயே அட்டவணையைக் கையில் ஏந்தியபடி பத்திரிகையாளர் முன் நிற்பார். நியாயமும் அவர் பக்கமே இருக்கும்.

பிரயாணப் பத்திரங்களைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2023இல் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தபோது, மொரிஷியஸில் வேறொரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்த பாகிஸ்தான் அணிக்கு வீசா தாமதமாகவே கிடைத்து, அந்த அணி இந்தியாவோடு ஆடவேண்டிய அதே நாளிலேதான் நகரை வந்தடைந்தது. இந்தியா நான்கு கோல்களால் வென்றது. சுனில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். வீரர்கள் நன்றாக உறங்கி எழுந்து ஆடியிருந்தாலும் பெறுபேறு மாறியிருக்குமா என்பது வேறு விஷயம். ஆனால் வீசாவை ராஜதந்திரிகளின் காரியமென்று ஒதுக்கிவிடும் போட்டிச் செயலாளர், எல்லைகள் இறுகிக் கிடக்கும் எங்கள் பிராந்தியத்தில் பாதி வேலையைச் செய்யாமல் விட்டவராகிறார். விண்ணப்பம் கொடுக்கும் நாள், கிடைக்கும் நாள், கிடைக்காவிட்டால் மேலிடத்துக்குத் தெரிவிக்கும் நாள் ஆகிய மூன்றையும் ஆட்ட நாள்களைப் போலவே அட்டவணையில் எழுதிவிடுவதும், மிகவும் சிக்கலான பிரயாணத்தையுடைய அணியை முதலாம் நாளில் இறக்காமல் கூடியவரை இரண்டாம் நாளுக்குத் தள்ளிவைப்பதும் நான் கடைசிவரையில் கைவிடாத வழக்கங்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் மாலையில் நடக்கும் முகாமையாளர் கூட்டம் வெளியாருக்கு அற்பமாகத் தோன்றும். ஒவ்வோர் அணியும் தன் இரண்டு நிறத்துச் சட்டை, காற்சட்டை, காலுறை யாவற்றையும் மேசைமேல் பரப்ப வேண்டும். கோல் காப்பாளரின் சட்டையும் மத்தியஸ்தரின் சட்டையும் கூட அங்கே வர வேண்டும். மாலைதீவும் நேபாளமும் சிவப்பை விரும்புகிறவை. பாகிஸ்தானும் பங்களாதேஷும் பச்சையை விரும்புகிறவை. தம் தேசத்தின் நிறத்தை மற்றவருக்கு விட்டுக்கொடுத்து வெள்ளையில் இறங்க எவருக்குத்தான் மனம் வரும்? ஒருமுறை இரு முகாமையாளர்கள் இதற்காகவே இரவுச் சாப்பாட்டு நேரம் கடந்தும் எழுந்திருக்க மறுத்தார்கள். அட்டவணையில் முதலில் எழுதப்பட்ட அணிக்கே தன் நிறத்தை அணியும் உரிமை என்ற விதியை நான் வாசித்துக் காட்டியதும், இரண்டாவதாக எழுதப்பட்டிருந்தவர், "எங்களை ஏன் இரண்டாவதாக எழுதினீர்கள்?" என்று மிகச் சாந்தமாகக் கேட்டார். நான்கு அணிகள் மும்மூன்று ஆட்டம் ஆடும்போது, எவ்வளவு சமமாகப் பங்கிட்டாலும், இரண்டு அணிகள் இருமுறையும், இரண்டு அணிகள் ஒருமுறையும் முதலில் எழுதப்பட்டே தீரும். அது கணக்கின் குணம். யாருக்கு அந்த இருமுறை என்பதைப் பகிரங்கமாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்து, அந்தச் சீட்டுகளையும் கோவையில் வைத்திருந்தபடியால், எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வெள்ளைச் சட்டைக்குச் சம்மதித்தார். செயலாளரின் நேர்மையை அயலவர் நம்ப வேண்டியதில்லை. அவர்கள் பரிசோதிக்கக்கூடிய விதத்தில் அதை வைத்திருந்தால் போதும்.

இனிக் கடைசி நாளின் கதைக்கு வருகிறேன். 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை வென்று உலகத்தையே வியக்க வைத்தது. தன் கடைசி ஆட்டத்தில் சிலியையும் வென்று, பிரிவில் மற்ற ஆட்டம் முடிவதற்காகக் காத்திருந்தது. மறுநாள் ஹீகோன் நகரில் அயலவரான மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடவேண்டியிருந்தது. ஜெர்மனி ஒரு கோலாலோ இரண்டு கோலாலோ வென்றால் அயலவர் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம், அல்ஜீரியா வீடு திரும்பும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. பத்தாவது நிமிஷத்தில் ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் அடித்தார். மிச்சமிருந்த எண்பது நிமிஷமும் இரு அணிகளும் பந்தைப் பின்னுக்கும் பக்கத்துக்குமாக உருட்டிக்கொண்டே பொழுதைப் போக்கின. எந்த விதியும் மீறப்படவில்லை என்பதே அதிகாரிகளின் தீர்ப்பு, தீர்ப்பும் சரியானதே. குற்றவாளி அட்டவணை. கடைசிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற வழக்கம் அதற்குப் பின்னரே உலகக் கிண்ணத்தில் நிலைபெற்றது.

ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டமென்றால் இரண்டு மைதானம் வேண்டும். 2021இல் மாலேயில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் ஐந்து அணிகளும் ஒரே மைதானத்தில் ஆடவேண்டியிருந்தபடியால், கடைசிச் சுற்றின் ஆட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே நடத்த முடிந்தது. ஐந்தாவது அணியோ தன் கணக்கை முன்னரே முடித்துவிட்டு ஒதுங்கியிருந்தது. சிறிய நாடுகளில் இதைத் தவிர்க்க இயலாது. ஆனால் தணிக்க இயலும். கடைசியில் ஆடவிருக்கும் இரு அணிகளும், சமநிலை முடிவால் இருவரும் லாபமடைய முடியாதவர்களாக இருக்கும்படி, பலசாலியையும் விருந்தளிக்கும் நாட்டையும் அந்த ஆட்டத்துக்கென்று ஒதுக்கி வைப்பது ஓர் உபாயம். கடைசிச் சுற்றில் ஓய்வெடுக்கப்போவது யார் என்பதைச் சீட்டுக்கு விடுவது இன்னோர் உபாயம். பெரியவர் கடைசி நாளை முதலில் எழுதச் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

அட்டவணை சரியாக இருந்தும் விதி கெடுத்த கதை கரீபியத் தீவுகளில் 1994இல் நடந்தது. அந்தச் சுற்றுப்போட்டியில் சமநிலையாக முடியும் ஆட்டத்தை மேலதிக நேரத்துக்குக் கொண்டுபோய், முதலில் அடிக்கும் கோலோடு முடித்து, அந்தக் கோலை இரண்டாகக் கணக்கிடுவதென்று யாரோ ஒரு புத்திசாலி விதி எழுதியிருந்தார். பார்படோஸ் அணி அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டுமானால் கிரெனடாவை இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் நின்ற அணிமேல், ஆட்டம் முடியும் தறுவாயில் கிரெனடா ஒரு கோல் போட்டுவிட்டது. மீண்டும் ஒரு கோல் அடிக்க நேரம் போதாதென்று கண்ட பார்படோஸ் வீரர்கள், பந்தைத் தம் கோலுக்குள்ளேயே அடித்து ஆட்டத்தை வேண்டுமென்றே சமநிலையாக்கினார்கள். மேலதிக நேரத்தில் ஒரு கோல் அடித்தால் அது இரண்டாகிவிடுமல்லவா? சூழ்ச்சியை உணர்ந்த கிரெனடா வீரர்கள் எந்தப் பக்கத்துக் கோலுக்குள்ளாவது பந்தைப் போட்டுவிட விரைந்தார்கள்; பார்படோஸ் வீரர்களோ மைதானத்தின் இரண்டு முனைகளிலும் நின்று இரண்டு கோல்களையும் காத்தார்கள். முடிவில் மேலதிக நேரத்தில் பார்படோஸ் கோல் அடித்து, நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றது. அந்த வீரர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. அவர்கள் விதியை எழுதியவரைவிட நன்றாக விதியைப் படித்தவர்கள்.

1998இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கிடையே வியட்நாமில் நடந்த டைகர் கிண்ணம் இதைவிடத் துயரமானது. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் அரையிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டு, ஹோ சி மின் நகரில் தம் கடைசிப் பிரிவாட்டத்துக்கு வந்தன. வெல்பவர் ஹனோய் நகரம்வரை பிரயாணம் செய்து விருந்தளிக்கும் வியட்நாமையே அதன் சொந்த ஜனங்களின் முன் எதிர்க்க வேண்டும். தோற்பவர் இருந்த இடத்திலேயே இருந்து சிங்கப்பூரோடு ஆடலாம். தோல்விக்குச் சன்மானம் வைத்தது வீரர்களல்லர்; அரையிறுதியின் இடத்தைத் தீர்மானித்த திட்டம். இருவரும் வெற்றியை விரும்பாமல் ஆடிய அந்த ஆட்டத்தின் இறுதி நிமிஷங்களில் இந்தோனேசியாவின் முர்சித் எபெண்டி தன் கோலுக்குள்ளேயே பந்தை உதைத்தார். எதிரணியான தாய்லாந்து வீரர்கள் அதைத் தடுக்க முயன்றார்கள். இரு நாட்டுச் சங்கங்களுக்கும் தலா 40,000 டொலர் அபராதம். எபெண்டிக்குச் சர்வதேச ஆட்டத்தில் ஆயுள் தடை. அரையிறுதியில் இரு அணிகளுமே தோற்றன; எல்லோரும் எளியதென்று எண்ணிய சிங்கப்பூர், சசிகுமாரின் ஒரே கோலால் இறுதிப் போட்டியில் வியட்நாமை வென்று கிண்ணத்தைக் கொண்டுபோயிற்று.

சமமான புள்ளிகளை எப்படிப் பிரிப்பது என்பதும் முன்னதாகவே எழுத்தில் இருக்க வேண்டும். பிரித்தானிய நாடுகளின் கடைசிப் போட்டியில், 1984இல், நான்கு அணிகளும் மும்மூன்று புள்ளி பெற்றன. கோல் வித்தியாசத்தால் வட அயர்லாந்து சாம்பியனாகி, போட்டியும் அத்தோடு நின்றுவிட்டபடியால் அந்தக் கிண்ணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. மூன்றாண்டுக்கு முன் அயலவர் வர மறுத்த நாட்டுக்கே அது போய்ச் சேர்ந்தது என்பதில் ஒரு தர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றும். ஆனால் விதி முன்கூட்டியே எழுதப்பட்டிராவிட்டால் அந்தத் தர்மம் ஒரு வழக்காகவே முடிந்திருக்கும்.

இத்தனையும் செய்த பிறகும் எவர் வெல்வார் என்பது அட்டவணைக்காரனின் கையில் இல்லை, இருக்கவும் கூடாது. 1995இல் கொழும்பு சுகததாச அரங்கில், எங்களைவிடப் பன்மடங்கு பெரிய இந்தியாவை இலங்கை அணி மேலதிக நேரத்தின் தங்கக் கோலால் வென்று தெற்காசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. இன்றுவரை எங்கள் நாட்டுக்குக் கிடைத்தது அந்த ஒரு கிண்ணமே. சிறிய நாடு பெரிய நாட்டை ஒரு மாலையில் வெல்லலாம் என்ற நம்பிக்கைதான் அயலவரை மறுபடியும் மறுபடியும் ஒரே மைதானத்துக்கு அழைத்து வருகிறது. வென்றவனின் வெற்றியில் எவரும் குறை சொல்ல இயலாதபடி காப்பதே எங்கள் தொழிலின் முழு எல்லை.

இப்பொழுது வட்டத்தைச் சுற்றும் கணக்கைக் கம்ப்யூட்டர் கணப்பொழுதில் செய்துவிடுகிறது. அழைப்பிதழ்களை வெட்ட வேண்டியதில்லை. ஆயினும் புதிதாக ஒரு நான்கு நாட்டுப் போட்டியைத் திட்டமிடும் இளைஞர்கள் யோசனை கேட்டு என்னிடம் வரும்போது, அவர்களுடைய தாளை வாங்கி நான் முதலாம் நாளைப் பார்ப்பதில்லை. கடைசி நாளை எடுத்து, ஒவ்வோர் அணியின் இடத்திலும் என்னை வைத்து, தோற்பதிலோ சமநிலையிலோ கோல் அடிக்காமலிருப்பதிலோ எனக்கு ஏதாவது லாபம் உண்டா என்று தேடுகிறேன். நல்லவர்கள் ஆடுவார்கள் என்று நம்பி எழுதிய அட்டவணை நல்லவர்களையும் கெடுத்துவிடும். சூழ்ச்சிக்காரர்கள் ஆடினாலும் நேர்மையாகவே ஆடவேண்டி வரும்படி எழுதியதே அட்டவணை. லாபம் ஒரு மூலையிலாவது தென்பட்டால், அந்தத் தாளைத் திருத்த முயலாமல் கிழித்துவிட்டு, கடைசி நாளிலிருந்து மறுபடியும் எழுதச் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.